இடப்பக்கம் சுற்றுவது

ஜனவரி 14, செவ்வாய்

மழை. பனி கொட்டும் என்று வானிலையில் சொன்னார்கள். சும்மா கதை.

தைப்பொங்கல். எங்களுக்கு இல்லை. அப்பா நவம்பரில் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, ஆகவே பொங்கல், தீபாவளி, கலியாண வீடு எல்லாம் இந்த முறை கிடையாது. மேல்மாடி ராணி அக்கா ஒரு டப்பாவில் பொங்கல் கொண்டுவந்து தந்தார். கஜுப் பருப்பு நிறையப் போட்டிருந்தார். சாப்பிட்டேன். இனிப்பு என்று தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இந்தக் கொப்பியில் எழுதுவது குடும்ப டொக்டர் சொல்லித் தொடங்கியது. நித்திரை வருகிறதா என்றார். வருகிறது. பசி? சாப்பிடுகிறேன். அழுதீர்களா? இல்லை. நவம்பரிலிருந்து ஒரு நாளும் இல்லையா? இல்லை. கொஞ்ச நேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, அன்றன்று உணர்ந்ததை எழுதுங்கள், எந்த மொழி என்றாலும் சரி, நான் பார்க்கமாட்டேன் என்றார். பார்த்தாலும் விளங்காது.

வேலை: செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வழக்கம் போல. ஒரு கிழவருக்கு முன்பல். நிறம் பிடிபடவில்லை. திரும்பச் சுட்டேன். இன்னும் மஞ்சள்.

மாலை பனிமண்டபம். ரைன் ஆற்றுக்கு அக்கரையில், ஒரு பெரிய தகரக் கொட்டகை, உள்ளே கோடையிலும் பனி. இரண்டு மாரிகாலமாக அங்கே ஸ்னோபோர்ட் ஓட்டுகிறேன், இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்குவது. இன்று புது வகுப்பு: மேட்டில் ஏறிப் பாய்ந்து காற்றில் சுழல்வது. அப்பா இருக்கும்போதே பதிந்த வகுப்பு. போன் எடுத்து நிறுத்தப் பஞ்சியாக இருந்தது, அதனால் போனேன்.

பயிற்சி தருகிறவன் பெனே. ஜெர்மனியின் தெற்கே பவேரியாக்காரன், அவன் பேசும் டொய்ச் மொழி எனக்குப் பாதிதான் பிடிபடும். இடது கால் முன்னுக்கு வைத்து ஓட்டுகிறவர்கள் இடப்பக்கம் சுழல வேண்டும், அதுதான் சுலபம், போகிற வழி கண்ணுக்குத் தெரியும் என்றான். வலப்பக்கம் சுழன்றால் முதுகு முன்னே போகும், எங்கே இறங்குகிறோம் என்று தெரியாது. என் இடது கால்தான் முன்னுக்கு. இன்று மேடு இல்லை. தட்டையான இடத்தில் துள்ளி அரைச் சுற்று மட்டும்.

எல்லாரும் இடம். நான் வலம்.

திரும்பச் சொன்னான். வலம். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். கையை எடுத்ததும் வலம்.

வகுப்பில் இன்னொரு தமிழன். பிரவீண், கோயம்புத்தூர், மென்பொருள் வேலை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சறுக்கி வந்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க கோயில் பிரகாரம் சுத்துறீங்க."

அவனுக்கு வலது கால் முன்னுக்கு. அவன் வலப்பக்கம் சுழன்றால் அதுதான் சரி. எனக்குப் பிராப்ளமே இல்லக்கா, சாமி ரூட்தான் என்றான். சிரித்தான். நானும் பல்லைக் காட்டினேன்.

அம்மாவிடம் ஸ்போர்ட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

டொக்டருக்காக. இன்று உணர்ந்தது: கால்விரல் குளிர்.


ஜனவரி 16, வியாழன்

மூடுபனி. காரின் முன்கண்ணாடியில் ஐஸ். அப்பாவின் சுரண்டி கதவுப் பைக்குள்ளேயே கிடந்தது. சுரண்டினேன்.

வாங்க: பால், சின்ன வெங்காயம் (தமிழ்க் கடை), அம்மாவின் பிரஷர் குளிசை, கையுறை. பழையது தண்ணி இழுக்கிறது.

அம்மா இன்றும் கேட்டார். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

"அங்க என்ன நடந்தது பிள்ளை? அப்பா எப்பிடிப் போனவர்?"

"எல்லாம் ஒழுங்கா நடந்தது அம்மா."

நவம்பரிலிருந்து இதே கேள்வி, இதே பதில். செத்தவீட்டு மண்டபத்தில் ஐயர் கிரியை செய்யும்போது அம்மா இருந்தார். அதற்குப் பிறகு சுடலைக்கு, இங்கே தகனக் கூடம், பெண்கள் போவதில்லை என்று ராணி அக்கா அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து முழுக வார்த்தார். நான் போனேன். வேறு பிள்ளை இல்லை, கொள்ளி என்ரை பிள்ளைதான் வைக்க வேணும் என்று அப்பா ஆஸ்பத்திரியில் வைத்தே சொல்லிவிட்டார். சித்தப்பா, சித்தப்பாவின் மகன், ஐயர், இன்னும் இரண்டு ஆண்கள், நான். அங்கே நடந்தது அம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் அவருக்கு. வேறு ஒன்றும் கேட்பதில்லை.

சொல்லக்கூடாது என்று இல்லை. வாயைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

விடிய எழும்பிப் போனால் அம்மா ஏற்கனவே குசினியில் இருக்கிறார், நேற்றைய உடுப்போடு. இரவு முழுக்கக் கதிரையிலேயே இருந்திருக்கிறார். சட்டை தோளில் தொங்குகிறது. இப்படியே போனால் அவரையும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிகிறது, அது பாட்டுக்கு அங்கே இருக்கிறது, நான் என் பாட்டுக்கு வேலைக்குப் போகிறேன்.

உணர்ந்தது: —


ஜனவரி 21, செவ்வாய்

மழை, காற்று. பாலத்தில் நெரிசல்.

கிழவரின் பல் இன்னும் சரியில்லை. இப்போது சாம்பல் அடிக்கிறது.

இன்று மேடு. சின்னதுதான், இடுப்பளவு. நேராகப் பாய்ந்து இறங்கினேன், பெனே பெருவிரலைக் காட்டினான். அடுத்தது அரைச் சுற்று. தோளை முதலில் வலப்பக்கம் முறுக்கி வைத்து, மேட்டின் விளிம்பில் இடப்பக்கம் விட வேண்டும். நான் வலப்பக்கம் முறுக்கினேன், அப்படியே வலப்பக்கம் போனேன். முதுகால் விழுந்தேன். திரும்ப. திரும்ப. ஒரு தடவை தலைக்கவசம் இடித்து உள்ளே மணி அடித்தது.

இடது தோளில் முன்பு அடிபட்டதா என்று பெனே கேட்டான். இல்லை. பிரவீண் அவனுக்குக் கோயிலைப் பற்றி விளக்கம் கொடுத்தான், சாமி நடுவில், ஆட்கள் வலப்பக்கமாக, கையால் எல்லாம் காட்டி. பெனேவுக்கு நல்ல சந்தோஷம். அப்படியென்றால் நீ பிறந்ததிலிருந்து இடப்பக்கம் சுற்றியதே இல்லையா என்று கேட்டான். இல்லை என்றேன்.

கார் நிறுத்தத்தில் கையுறையைப் பிழிந்துகொண்டு நிற்கும்போது நினைவு வந்தது. சுற்றியிருக்கிறேன். நவம்பரில், மூன்று சுற்று.

டொக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

சுடலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி என் இடது தோளில் வைத்தார்கள். நான் கோயில் ஞாபகத்தில் வலப்பக்கம் ஓரடி வைத்தேன். சித்தப்பா தோளைப் பிடித்து நிறுத்தி, "இடப்பக்கம், பிள்ளை, இடப்பக்கம். இது சாமிக்கில்லை" என்றார். குடம் என்று சொன்னாலும் அது பூச்சட்டி. மண்குடம் கிடைக்காமல் சித்தப்பாவின் மகன் தோட்டச் சாமான் கடையில் வாங்கிவந்தது. அடியில் ஏற்கனவே ஓட்டை, சூயிங்கம் வைத்து அடைத்திருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் சித்தப்பா கத்தியால் தட்டி ஓட்டை போட வேண்டும். டொய்ச் சட்டி, உடையவில்லை. யாரோ காருக்குப் போய் ஸ்க்ரூட்ரைவர் எடுத்துவந்தார்கள். தண்ணீர் என் முதுகில் வழிந்தது. அந்த இடத்து வேலைக்காரர் ஒருவர் ஓரமாகத் துடைப்பத்தோடு நின்று நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அந்தாள்தான் துடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவைச் சுற்றி வரும்போது நினைத்தது அதுதான். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது.


ஜனவரி 25, சனி

வெயில். கடும் குளிர்.

சலவை. அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டேன். விரல்கள் மெலிந்துபோய் மோதிரத்துக்கு நூல் சுற்றியிருக்கிறார்.

அறையில் கம்பளத்தில் நின்று இடப்பக்கம் துள்ளிப் பழகினேன். கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில் இடித்தார். சத்தம் கேட்டு அம்மா வந்தார். கதவடியில் நின்றார். ஹீட்டரில் காயப்போட்டிருந்த கையுறையைத் தொட்டுப் பார்த்தார், சாக்கில் கிடந்த பலகையைப் பார்த்தார். கள்ளம் பிடிபட்டது.

வருஷம் திரும்பவில்லை, பிள்ளை பனியில் துள்ளித் திரியுதாம் என்றார். ராணிக்குத் தெரிந்தால் என்ன சொல்லுவாள் என்றார். ராணி அக்கா என்ன சொல்லுவார் என்று எனக்கும் தெரியும், கனடாவில் இருக்கும் மாமி அதை எந்த நேரத்துக்குள் அறிவார் என்றும் தெரியும். கோபம் வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. அம்மாவுக்கும் முழுசாக வரவில்லை.

போகத் திரும்பியவர் நின்றார்.

"விழுந்தா நோகாதோ?"

"தெரியேல்லை. நோகேல்லை."

பொய் இல்லை. இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல், உள்ளங்கை அகலம். அழுத்திப் பார்த்தேன். அழுத்துகிறேன் என்று தெரிகிறது.


ஜனவரி 28, செவ்வாய்

தூறல்.

இடப்பக்கம் சுழன்றேன். அரைச் சுற்று. விழவில்லை.

அது பிரவீண் செய்த வேலை. வாசலில் கோப்பி குடிக்கும்போது, அக்கா, இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டானா இருக்கே, அதுல எந்தப் பக்கம் சுத்துறீங்க என்று கேட்டான். யோசித்தேன். இடப்பக்கம். இந்த நாட்டில் எல்லாரும் இடப்பக்கம். லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து தினமும் இடப்பக்கம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்புறம் என்னக்கா, இண்டிகேட்டர் போட்டுட்டுப் போங்க என்றான். விசரன்.

மேட்டுக்குப் போகும்போது கையில் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்க வேண்டும், இருக்கவில்லை. விளிம்பில் திருப்பினேன். உடம்பு சொன்னபடி கேட்டது. வலது கால் முன்னே வர இறங்கினேன். பெனே கத்தினான். வரிசையில் நின்றவர்கள் கையுறையோடு கை தட்டினார்கள், சத்தமே வரவில்லை.

உடனே பெனே முழுச் சுற்றுக்குப் போனான். ஒரேயொரு விஷயம்தான் புதிது என்றான். பாதி சுழன்றதும் தலையை இன்னும் இடப்பக்கம் திருப்பி, புறப்பட்டு வந்த மேட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். தலை போனால் உடம்பு பின்னால் போகும்.

பாதி வந்தது. தலை நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும். கழுத்தில் ஆணி அடித்த மாதிரி. மேட்டின் பக்கத்திலேயே வந்து நின்று, திரும்பிப் பார், திரும்பிப் பார் என்று கத்தினான். கடைசியில் கையைப் பக்கவாட்டில் விரித்து ஏன் என்று கேட்டான்.

"ஏலாது" என்றேன். தமிழில். அவனுக்கு விளங்கியது போலத்தான் இருந்தது.

சுடலையில் சித்தப்பா சொன்ன கடைசி விஷயம் இதற்கு நேர் மாறு. மூன்று சுற்று முடிந்ததும் அப்பாவின் பெட்டிக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். சட்டியை உடைக்க விடமாட்டார்களாம், பின்னால் ஒரு வாளி வைத்திருந்தார்கள், அதற்குள் போடச் சொன்னார்கள். போட்டேன். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய், கொள்ளிக்குப் பதிலாக, ஒரு பொத்தானில் வைத்தார்கள். அமத்தினேன். பின்னால் ஏதோ கதவு ஓடும் சத்தம். திரும்பிப் பாராமல் வா பிள்ளை என்றார் சித்தப்பா. வந்தேன். வெளியே சப்பாத்தைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினேன்.

உணர்ந்தது: கழுத்து.


பெப்ரவரி 2, ஞாயிறு

காலையில் உண்மையான பனி. மதியத்துக்குள் சேறு.

சித்தப்பா வந்தார். ரோல்ஸ், வடை. அம்மா அவரிடமும் கேட்டார், நான் இருக்கும்போதே. எல்லாம் முறையாச் செய்தது அண்ணி, ஒரு குறையும் இல்லை என்றுவிட்டு சித்தப்பா குளிர் பற்றிப் பேசினார், பிறகு கார் டயர் பற்றி. அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் இதைத்தான் செய்கிறேன்.

அவர் போன பிறகு அம்மா கோப்பை கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தினேன்.

"நாப்பது வருஷம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டனான்" என்றார். "கடைசியா எப்பிடிப் போனவர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லமாட்டினமாம்."

சத்தம் போடவில்லை. ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார். அந்தச் சட்டைக்குள் ஆள் இல்லை போல இருந்தது.

சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கம் போல ஒன்றும் இல்லை. அப்போதுதான் யோசனை வந்தது, சொல்லத்தானே ஏலாது, செய்து காட்டலாமே. அலுமாரித் தட்டில் இருந்த தண்ணீர்ச் சாடியை எடுத்து இடது தோளில் வைத்தேன். குசினி மேசையைச் சுற்றி இடப்பக்கம் ஓரடி.

அம்மாவுக்கு உடனே விளங்கியது. முகம் வெளிறிப்போனது. வீட்டுக்குள் இடப்பக்கம் சுற்றக் கூடாது, கூடவே கூடாது என்று சாடியைப் பறித்தார். பறித்துவிட்டு அதை வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்தினார்.

"கராஜுக்குப் போவம்."

லிஃப்டில் கீழே போனோம். நிலக்கீழ் கராஜில் அப்பாவின் கார். அதைச் சுற்றினேன். சாடி தோளில், இடப்பக்கம். முதல் சுற்றில் அம்மா தூணோடு ஒட்டி நின்றார். "தண்ணி எங்க ஓடினது?" என்று கேட்டார். முதுகில் என்றேன். யார் கொத்தினது? சித்தப்பா. ஸ்க்ரூட்ரைவரால். பூச்சட்டி என்று சொன்னேன், சூயிங்கம் என்று சொன்னேன். எல்லாம் வந்தது. நடந்துகொண்டிருந்தால் வருகிறது. துடைப்பத்தோடு நின்ற மனிதரையும் சொன்னேன். அந்தாளுக்கு நன்றி சொன்னனீங்களோ என்று கேட்டார். இல்லை என்றதும் தலையை ஆட்டினார், அது பிழை என்பது போல.

இரண்டாம் சுற்றில் கீழ்வீட்டுக்காரர் காரோடு வந்துவிட்டார். முழு வெளிச்சம் எங்கள் மேல். அம்மா ஒரு கையை உயர்த்தி, ட்ரஃபிக் பொலிஸ் மாதிரி, நில் என்று காட்டினார். மனுசன் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். தும்புத்தடிக்காரர். அவரைப் பற்றி இனிக் குறையாக எழுதமாட்டேன்.

மூன்றாம் சுற்று. காருக்கு முதுகைக் காட்டி நின்றேன். பின்னால் போட்டது, பொத்தான், கதவுச் சத்தம், எல்லாவற்றையும் முன்னுக்கு இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பிறகு நடந்தேன், லிஃப்ட் வரைக்கும்.

"திரும்பிப் பாத்தனியோ?" அம்மாவின் குரல் பின்னால் இருந்து.

"இல்லை அம்மா. பாக்கக் கூடாது எண்டு சொன்னவை."

லிஃப்ட் பொத்தானை அமத்தினேன்.

"நானெண்டால் பாத்திருப்பன்" என்றார்.

மேலே வந்து இரண்டு பேரும் முழுகினோம். அம்மா சோறு போட்டுச் சாப்பிட்டார். ரசமும் விட்டுக்கொண்டார்.


பெப்ரவரி 4, செவ்வாய்

மழை. விடிய ஆறு மணிக்குக் குசினியில் ஆள் இல்லை. பயந்துபோய் அறைக்கதவைத் திறந்தேன். அம்மா கட்டிலில், வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கிழவரின் பல் பொருந்திவிட்டது. பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பனிமண்டபத்தில் கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெனே இன்று ஒன்றும் கத்தவில்லை. வேண்டுமென்றால் அரைச் சுற்றோடு விடலாம், குளிர்காலம் இன்னும் இருக்கிறது என்றான். பிரவீண் எனக்கு முன்னால் போனான், சாமி ரூட்டில் முழுச் சுற்று, இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்து வரிசையில் நின்றான்.

போனேன். தோளை வலப்பக்கம் முறுக்கினேன். விளிம்பு. இடப்பக்கம் விட்டேன். பாதி வந்தது. தலை நிற்கப்போகிறது என்று தெரிந்தது. அம்மாவென்றால் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன்.

மேடு. மேட்டுக்கு மேலே வரிசை. பிரவீணின் மஞ்சள் தொப்பி. கூரை விளக்குகள். அப்பா இல்லை. அப்பா அங்கேயும் இல்லை, எங்கேயும் இல்லை, இனி இல்லை.

பலகை பனியைத் தொட்டது, இடது கால் முன்னுக்கு, சரியாக. கொஞ்சத் தூரம் போனேன் என்று பிரவீண் சத்தியம் பண்ணுகிறான். பிறகு விழுந்தேன். இடது மணிக்கட்டு. கண்ணில் போட்ட பனிக்கண்ணாடிக்குள் ஏதோ ஈரம், பனி புகுந்துவிட்டது என்று நினைத்தேன். பனி சுடாது.

பெனே ஓடி வந்தான். பிரவீண் முழுசாச் சுத்திட்டீங்கக்கா என்று கத்திக்கொண்டு வந்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தி, ஆஸ்பிட்டல் போலாமா அக்கா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். ரவுண்டானாவில் ஒரு சுற்று கூடப் போய்விட்டேன், வெளியே வரும் வழி தெரியவில்லை, கண் அப்படி.

கதவைத் திறந்த அம்மா என்னைக் கதிரையில் இருத்தி, நல்லெண்ணெய் சுடவைத்து, மணிக்கட்டைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தார்.

"நோகுதோ?"

"ஓம் அம்மா. சரியா நோகுது."

கையை எடுக்காமல் தேய்த்தார்.